வல்கனைஸ்டு ஃபைபர்: பெயரில் மட்டும்தான் ரப்பர்

தோட்டத்து மோனோபிளாக் மோட்டார் காயில் கருகிப்போனதால் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, இரும்புக் கூட்டின் பள்ளங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார் பெரியவர். அப்புறம் சாம்பல் நிறத் தாள் ஒன்றை எடுத்தார். பார்க்க அஞ்சலட்டை மாதிரி. அதைப் பட்டை பட்டையாக வெட்டி, இரண்டு ஓரங்களையும் நகத்தால் மடித்து, ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் சரக் சரக்கென்று செருகினார். மடித்த இடம் விரியவும் இல்லை, கிழியவும் இல்லை.

"இது பிளாஸ்டிக்குங்களா?" என்று கேட்டேன்.

"லெதராய்டுங்க தம்பி. காயிதந்தான்."

"காயிதம்னா கிழிஞ்சு போயிராதுங்களா?"

"இது நல்ல காயிதம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த நல்ல காகிதத்தின் முழுப் பெயர் வல்கனைஸ்டு ஃபைபர். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. குழாய் வாஷரில் இருக்கிறது, கிரைண்டர் டிஸ்க்கின் முதுகில் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. ஆனால் அது எதனால் ஆனது என்று கேட்டால் ஹார்டுவேர் கடைக்காரர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ரப்பர் என்பார் ஒருவர், கண்ணாடி இழை என்பார் இன்னொருவர், பிளாஸ்டிக் என்பார் மற்றவர். குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான்.

பெயரில் இரண்டு பொய்கள்

முதல் பொய் 'வல்கனைஸ்டு'. நெடுஞ்சாலை ஓரத்தில் 'டயர் வல்கனைசிங்' என்று போர்டு மாட்டிய பஞ்சர் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது நிஜமான வல்கனைசிங்: ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் பாலம் போட்டு அவற்றை ஒன்றோடொன்று கட்டிவிடும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்ட வழி அது. நெருப்புக் கடவுளான வல்கன் பெயரில் அமைந்த சொல். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தச் சொல்லுக்கு ஏகப்பட்ட மவுசு.  1859-இல் தாமஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் காகிதத்தைக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் அந்தச் சொல் இதன் மேலும் வந்து ஒட்டிக்கொண்டது. இதில் கந்தகமும் இல்லை, ரப்பரும் இல்லை.

இரண்டாவது 'ஃபைபர்'. இதைப் பொய் என்பதைவிட நம்மூர்க் குழப்பம் என்று சொல்லலாம். மீனவர்கள் ஃபைபர் போட் என்பது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது. பாத்ரூமுக்குப் போடும் ஃபைபர் கதவு இன்னொன்று. இன்டர்நெட் வரும் ஃபைபர், தலைமுடி போன்ற சுத்தக் கண்ணாடி. ஃபைபர் சூட்கேஸ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். நம் கட்டுரை நாயகனுக்கு இவற்றில் எதோடும் உறவில்லை.

போதாக்குறைக்குப் பட்டப்பெயர்கள் வேறு. மோட்டார் பட்டறையில் லெதராய்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஃபிஷ் பேப்பர். முதலாவதில் தோல் இல்லை, இரண்டாவதில் மீன் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: லெதராய்டு என்று இன்று விற்பதெல்லாம் அசல் வல்கனைஸ்டு ஃபைபர் அல்ல. வெறுமனே அழுத்திய இன்சுலேஷன் காகிதமும் அந்தப் பெயரில் வருகிறது, பாலியஸ்டர் தாள் ஒட்டியதும் வருகிறது.

இதுவரை ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: இது காகிதம். பல அடுக்குக் காகிதம், பசையே இல்லாமல் தன்னோடு தானே ஒட்டி ஒரே கட்டியாகிப் போனது. அது எப்படி ஒட்டுகிறது என்பதில்தான் சூட்சுமம்.

சட்டையை ஏன் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுகிறோம்?

பருத்திச் சட்டையை அப்படியே இஸ்திரி போட்டால் சுருக்கம் முழுசாகப் போகாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தால் படிந்துவிடும். எல்லா வீட்டிலும் தெரிந்த வித்தைதான். காரணத்தைத் தெரிந்துகொண்டால் வல்கனைஸ்டு ஃபைபரில் பாதி புரிந்துவிடும்.

பருத்தி என்பது ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். குளுக்கோஸ் சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிக்குத்தான் செல்லுலோஸ் என்று பெயர். மரத்தில் பாதிக்குப் பாதிதான் இது. பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல்.

இந்தச் சங்கிலியின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கி அது, வேதியியலில் ஹைட்ராக்சில் என்பார்கள். ஒரு சங்கிலியின் கொக்கி பக்கத்துச் சங்கிலியின் கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிக்குப் பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு. பள்ளிக்கூட ஷூவில் சர்ர்ரென்று பிரிக்கிற வெல்க்ரோ பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு கொக்கியை விரல் நுனியால் விடுவித்துவிடலாம். ஆயிரம் கொக்கி சேர்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும்.

தண்ணீரிலும் இதே கொக்கி உண்டு. அதனால் தண்ணீர் உள்ளே நுழைந்து, இரண்டு சங்கிலிகளின் கைகோர்ப்பை விலக்கி நடுவில் தான் நின்றுகொள்ளும். அப்போது இழைகள் கொஞ்சம் நழுவும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் தண்ணீர் ஆவியானதும், இழைகள் புது இடத்தில் மறுபடி கைகோர்த்துக்கொள்ளும். சுருக்கம் போய்விட்டது. ஈரக் காகிதம் தொட்டாலே கிழிவதும் இதே காரணத்தால்தான்.

சரி, அப்படியானால் இரண்டு காகிதத்தை நனைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிவிட வேண்டுமே? ஓரளவு ஒட்டும், காய்ந்ததும் நகத்தால் உரித்துவிடலாம். இழைக்கு வெளியே இருக்கும் சில கொக்கிகள்தான் சந்தித்திருக்கும். உள்ளே இருக்கிறவை தமக்குள் இறுகிப் பூட்டிக்கொண்டு கிடக்கும், தண்ணீரால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. திறந்திருந்தால் ஒவ்வொரு சலவைக்கும் சட்டை கஞ்சியாகியிருக்கும்.

ஜவ்வரிசி வடாம் சொல்லும் பாடம்

இந்தப் பூட்டை எப்படித் திறக்கிறார்கள் என்பதற்கு மொட்டை மாடிக்குப் போவோம்.

ஜவ்வரிசியைக் கொதிக்கும் நீரில் போட்டதும் என்ன ஆகிறது? ஒவ்வொரு மணியும் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகும், நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி வேகாமல் நிற்கும். அந்தப் பதத்தில் எடுத்துத் துணியில் வட்டம் வட்டமாக ஊற்றினால், மணிகளின் வழவழப்பான வெளிப்பக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நாலு நாள் சித்திரை வெயில் காய்ந்தால் கடக் முடக் என்று தகடாகிவிடும். யாரும் பசை போடவில்லை. மணியின் தோல் கரைந்து தானே பசையானது. காய்ந்த வடாமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மணிகள் தனித்தனியாகத் தெரியும், ஆனால் பிரிக்க வராது.

ஜவ்வரிசி மாவுச்சத்து. அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், செல்லுலோஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சுருள் சுருளாக இருப்பதால் கொதிநீருக்கே நெகிழ்ந்து கொடுத்துவிடுகிறது. செல்லுலோஸ் நேர்கோடாக நெருக்கி அடுக்கியிருப்பதால் அதை நெகிழ்த்தக் கொதிநீர் போதாது. இங்கேதான் துத்தநாகக் குளோரைடு வருகிறது. தகரம் பற்றவைக்கிறவர்கள் ஆசிட்டில் துத்தநாகத் துண்டைப் போட்டுக் கரைத்து, அந்த நீரைப் பற்றவைக்கும் இடத்தில் தடவுவார்களே, அதே உப்பு. தண்ணீரில் கொள்ளுமட்டும் கரைத்து, எடையில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு உப்பே இருக்கும்படி கெட்டியாக்கினால், அந்தக் கரைசல் செல்லுலோஸின் பூட்டுகளை உள்ளே போய்த் திறக்கும். இழை ஊதிப் பெருத்து, வெளிப்பக்கம் வழவழக்கத் தொடங்கும்.

விட்டால் மொத்தமும் கூழாகிவிடும். அதனால் வடாம் பதம் மாதிரி இதற்கும் ஒரு பதம் உண்டு: வெளிப்பக்கம் நெகிழ வேண்டும், நடு இழை முழுசாக நிற்க வேண்டும். நெகிழ்ந்த பகுதி பசையாகிறது, நெகிழாத பகுதி எலும்பாகிறது. இந்த நெகிழவைக்கும் வேலைக்குத்தான் இந்தத் தொழிலில் வல்கனைசிங் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காகிதம் பலகையாகும் வழி

ஆலையில் செய்முறை கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும். முதலில் பருத்திக் கந்தலிலிருந்தோ நல்ல மரக்கூழிலிருந்தோ, மேலே பசையோ பூச்சோ இல்லாத, மையை உறிஞ்சும் தாள் போன்ற காகிதம் எடுப்பார்கள். பூச்சு இருந்தால் கரைசல் உள்ளே இறங்காது. பல சுருள்களிலிருந்து காகிதத்தை ஒரே நேரத்தில் துத்தநாகக் குளோரைடு தொட்டி வழியாக இழுத்து, சூடான பெரிய உருளையின் மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து அழுத்துவார்கள். இரண்டு, மூன்று அடுக்கில் மெல்லிய தாள் கிடைக்கும், அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் பலகை கிடைக்கும்.

அடுத்ததுதான் கழுவல். நெகிழவைத்த உப்பு முழுக்க வெளியேற வேண்டும், ஏனென்றால் உள்ளே மிச்சம் இருந்தால் ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். ஆனால் பச்சைத் தண்ணீரில் எடுத்த எடுப்பில் போட்டால், உள்ளே கெட்டி உப்பும் வெளியே வெறும் நீருமாக இருப்பதால் தண்ணீர் வேகமாக உள்ளே பாயும். பலகை உப்பிக் கொப்புளித்து அடுக்குகள் பிரிந்துவிடும். அதனால் தொட்டிகளை வரிசையாக வைத்து, முதல் தொட்டியில் கொஞ்சம் நீர்த்த உப்புக் கரைசல், அடுத்ததில் இன்னும் நீர்த்தது என்று படிப்படியாக இறக்குவார்கள். கடைசித் தொட்டியில்தான் நல்ல தண்ணீர்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. உப்பு தானாக ஊறித்தான் வெளியே வர வேண்டும், பிழிந்து எடுக்க வழியில்லை. அப்படி ஊறும் வேலையில் தடிமன் இரு மடங்கானால் நேரம் சுமார் நான்கு மடங்காகும். மெல்லிய தாள் சீக்கிரம் வெளியே வந்துவிடும். விரல் கனப் பலகை வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட தொட்டியில் கிடக்கும். கனத்த ஃபைபர் பலகையின் விலையைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துகிறவர்கள், அது எத்தனை நாள் தண்ணீரில் படுத்திருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

உப்பு போனதும் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். உலர்த்தும்போது நீர் போகப் போகப் பலகை சுருங்கி இறுகும், கோணவும் செய்யும். சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி நிமிர்த்தினால் வேலை முடிந்தது.

சுருக்கமாக: காகிதத்தை ஓர் உப்பு நெகிழவைத்தது, அடுக்குகள் கலந்தன, தண்ணீர் அந்த உப்பை எடுத்துக்கொண்டு போனது, உலர்ந்ததும் கொக்கிகள் மறுபடி பூட்டிக்கொண்டன. கடைசியில் கையில் இருப்பது ஏறக்குறைய வெறும் செல்லுலோஸ். சிவப்பு, கறுப்பு, சாம்பல் எல்லாம் காகிதம் செய்யும்போதே சேர்த்த நிறங்கள்.

கையில் எடுத்துப் பார்த்தால்

முதலில் தெரிவது எடை. ஒரு கன சென்டிமீட்டர் ஃபைபர் சுமார் 1.2 முதல் 1.4 கிராம். அலுமினியம் 2.7, இரும்பு 7.8. அலுமினியத்தில் பாதிதான் வரும், ஆனால் தட்டிப் பார்த்தால் கொம்பு மாதிரி 'டொக்' என்று சத்தம் கேட்கும். அறுக்கலாம், துளை போடலாம், மரை வெட்டலாம், பஞ்ச் செய்து வாஷர் எடுக்கலாம். மெல்லிய தாளை மோட்டார் பட்டறைப் பெரியவர் மடித்தது போல மடிக்கலாம். அடித்தால் தெறித்து உடையாது, அடியை வாங்கிக்கொள்ளும். காகிதத்துக்கு உள்ள ஓட்டம் இதற்கும் உண்டு. இழை ஓடும் திசையில் இழுத்தால் பலம் கூடுதல், குறுக்கே இழுத்தால் கொஞ்சம் குறைவு.

பெட்ரோல், மண்ணெண்ணெய், மசகு எண்ணெய் எதுவும் இதைக் கரைக்காது. அதனால் எண்ணெய்க் குழாய் இணைப்புகளில் வாஷராக நெடுங்காலம் இருந்து வருகிறது. கடுமையான அமிலமும் காரமும் ஆகாது.

உருகாது என்பது முக்கியம். பிளாஸ்டிக்குக்கு உருகுநிலை இருக்கிறது, காகிதத்துக்கு அது கிடையாது. நெருப்பில் காட்டினால் கருகும், சொட்டாது. வெல்டிங் பட்டறைகளில் கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமறைப்பை ஃபைபர் தகட்டில் செய்வது இதனால்தான். தீப்பொறி பட்டால் ஒரு கருகல் புள்ளி விழும், அவ்வளவுதான். ஆனால் தொடர்ச்சியான சூடு வேறு விஷயம். 100, 110 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்திருந்தால் காய்ந்து நொறுங்கத் தொடங்கும்.

'டமார்' சத்தத்துக்குள் இருக்கும் காகிதம்

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதனால் கொஞ்சம் நின்று போகலாம்.

மின்சாரத்தைத் தடுக்கும் பொருள்கள் ஏராளம். கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் எல்லாமே தடுக்கும். ஆனால் மின்சாரம் ஒருமுறை காற்றைக் கிழித்துக்கொண்டு பாய ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. அந்தப் பாய்ச்சலுக்கு மின்வில் என்று பெயர். சுவிட்சை அணைக்கும்போது உள்ளே பளிச்சென்று தெரிவது அதன் குட்டி வடிவம். பல ஆயிரம் டிகிரி சூட்டில் காற்றே கடத்தியாகிவிடும், இரண்டு முனைகளும் விலகினாலும் நடுவில் வில் எரிந்துகொண்டே இருக்கும்.

11,000 வோல்ட் லைனிலிருந்து தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் வழியில், பல இடங்களில் கம்பத்தின் மேல் சாய்வாக மாட்டிய குழல்கள் மூன்று இருக்கும். டிஓ ஃபியூஸ், அதாவது டிராப்-அவுட் ஃபியூஸ் என்பார்கள். குழலுக்குள் ஃபியூஸ் கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். குழலின் உட்சுவர் வல்கனைஸ்டு ஃபைபர். கோளாறில் மின்னோட்டம் எகிறியதும் கம்பி உருகி அறுந்து, குழலுக்குள் வில் பற்றிக்கொள்ளும். வில்லின் சூடு உட்சுவரைத் தொட்டதும் செல்லுலோஸ் சிதைந்து வாயுவாகும். நீராவி, ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் கலந்த வாயு அது. ஒடுங்கிய குழலுக்குள் அழுத்தம் ஏறி, அந்த வாயு வில்லையும் சேர்த்துத் துப்பாக்கி மாதிரி வெளியே தள்ளிவிடும். தெருவே அதிரும் அந்த 'டமார்' இதுதான்.

நம் மின்சாரம் மாறுமின்னோட்டம், நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பூஜ்யமாகும் அந்தக் கணத்தில் குழலுக்குள் சூடான கடத்தும் காற்று இருந்தால் வில் மறுபடி பற்றும். குளிர்ந்த வாயு வந்து அடைத்திருந்தால் பற்றாது. ஃபைபர் செய்வது இந்த இட அடைப்பு வேலை. கம்பி அறுந்ததால் இழுவை விட்டுப்போய், மேல் பிடியிலிருந்து குழல் கழன்று தொங்கும். லைன்மேன் கீழே இருந்தே எந்த ஃபியூஸ் போனது என்று பார்த்துவிடுவார்.

இதே இடத்தில் பேக்கலைட் வகைத் தகட்டை வைத்தால் என்ன? நம் கடைகளில் ஹைலம் சீட் என்று கேட்டு வாங்குவது அந்த வகைதான், காகிதமும் ஃபீனால் ரெசினும் சேர்த்து அழுத்தியது. வில் பட்டதும் அதன் மேல் கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அடுத்த முறை வில்லுக்கு அதுவே பாதையாகிவிடும். ஃபைபரில் மேற்பரப்பு வாயுவாகிப் பறந்துவிடுவதால் அப்படிக் கோடு எளிதில் விழுவதில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் உட்சுவர் கொஞ்சம் தேயும், குழல் தன்னைத் தின்னக் கொடுத்துத்தான் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றுகிறது. துளை பெருத்துவிட்டால் குழலையே மாற்ற வேண்டும்.

மெல்லிய வகைக்கு இப்போது புது வேலை ஒன்றும் கிடைத்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்குள் விரல் அளவு லித்தியம் செல்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அந்தச் செல்லின் தலையில் நடுப்பொட்டு நேர்மின் முனை, சுற்றியுள்ள விளிம்பே எதிர்மின் முனை. இரண்டுக்கும் இடையே நூலிழை தூரம்தான். விளிம்பின் மேல் ஃபிஷ் பேப்பர் வளையம் ஒன்றை ஒட்டிவிடுவார்கள், செல்களை இணைக்கப் பற்றவைக்கும் உலோகப் பட்டை உரசி ஷார்ட் ஆகாமல் இருக்க.

கிரைண்டரின் முதுகெலும்பு

ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கை கிரைண்டரில் மாட்டி வெல்டைத் தேய்க்கும் சொரசொரப்பான வட்டத் தகடு இருக்கிறதல்லவா, கல் போன்ற வெட்டும் சக்கரம் அல்ல, வளைந்து கொடுக்கிற ஃபைபர் டிஸ்க். ஒரு பக்கம் மணல் மாதிரித் துகள், முதுகுப் பக்கம் வழுவழுவென்று சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அந்த முதுகு வல்கனைஸ்டு ஃபைபர், ஒரு மில்லிமீட்டரை எட்டாத கனம். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் சுற்றும்போது துணியோ சாதாரணக் காகிதமோ பிய்ந்து பறந்துவிடும். இது பிய்யாது, வளையும், சூட்டில் உருகவும் செய்யாது.

ஒரு ஐப்பசியில் டிஸ்க் கட்டு ஒன்றை வாங்கிப் பிரித்து, மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்திருந்தேன். அடைமழை விட்டு எடுக்கப் போனால், எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி குழிந்து கிடந்தன. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டினேன். தப்பு என்னுடையதுதான். துகளும் ரெசினும் இருக்கும் முகம் ஈரத்தை இழுப்பதில்லை, முதுகு இழுக்கும். முதுகு மட்டும் விரிந்தால் தகடு முகத்தின் பக்கம் குழியும். மிகவும் வறண்ட இடத்தில் வைத்தால் முதுகு சுருங்கி எதிர்ப்பக்கம் வளையும். கட்டைப் பிரிக்காமல், ஈரமும் கடும் வறட்சியும் இல்லாத இடத்தில், மேலே ஒரு பாரம் ஏற்றி வைப்பதுதான் முறை.

பெட்டியிலிருந்து கிட்டார் வரை

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1897-இல் தொடங்கிய குளோப்-டிராட்டர் நிறுவனம் இன்றும் வல்கனைஸ்டு ஃபைபர் தகட்டில்தான் பயணப் பெட்டி செய்கிறது. பெட்டியின் மேல் யானையை ஏற்றி நிறுத்தி விளம்பரம் செய்தவர்கள் அவர்கள். மின்கிட்டாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் காயிலின் மேல் தட்டும் அடித்தட்டும் பழைய ஃபெண்டர் கிட்டார்களில் இந்தக் கறுப்பு ஃபைபர்தான்.

நூற்பாலைகளில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினிலிருந்து கயிறு போல இறங்கும் பஞ்சுத் திரியைப் பிடிக்க உயரமான கேன்கள் இருக்கும். அவற்றை ஒரு காலத்தில் ஃபைபர் தகட்டை உருட்டித்தான் செய்தார்கள், பஞ்சு உள்ளே சிக்காமல் வழுக்க வேண்டுமே. பஞ்சு துணியாகி, துணி கந்தலாகி, கந்தல் காகிதமாகி, கடைசியில் பஞ்சையே சுமக்க மில்லுக்குத் திரும்பி வந்த மாதிரி. இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் 1916-இலிருந்து ஒவ்வொரு வீரனின் கழுத்திலும் இரண்டு ஃபைபர் வில்லைகளை மாட்டியது. பச்சை எண்கோண வில்லை உடலோடு கிடக்கும், சிவப்பு வட்ட வில்லையைக் கழற்றிக்கொண்டு போய்ச் சாவைப் பதிவு செய்வார்கள். உலோகத்தைவிட மலிவு, எடையும் இல்லை. ஆனால் காகிதம் காகிதம்தானே, மண்ணுக்குள் மக்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்த உடல்கள் பலவற்றில், பெயரைச் சொல்ல வேண்டிய வில்லையே இல்லை.

மக்கும் பொருள் என்பதால் இப்போது இதைச் சுற்றுச்சூழலின் தோழன் என்று விற்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பொருள் மக்கும், சரி. கழுவின தண்ணீர் எங்கே போனது? அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் யார்க்லின் என்ற ஊர் இந்தத் தொழிலின் பெரிய மையமாக இருந்தது. 2009-இல் அங்கிருந்த ஆலை மூடப்பட்டபோது, பல ஆண்டுகளாக மண்ணுக்குள் இறங்கிய துத்தநாகம் நிலத்தடி நீர் வழியாகப் பக்கத்து ஓடையில் கசிந்துகொண்டிருந்தது. அரசே இறங்கிச் சுத்தப்படுத்த வேண்டி வந்தது. உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைக்கும் அப்படியே விடும் ஆலைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கடையில் கண்டுபிடிப்பது எப்படி

ஓரத்தில் ஒரு சிராய் சீவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து, சொட்டாமல் கருகினால் வல்கனைஸ்டு ஃபைபர். உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக். கார்பாலிக் சோப்பு போன்ற நெடி அடித்தால் ஹைலம். எரியாமல் வெள்ளை இழை மிஞ்சினால் கண்ணாடி நார்.

நெருப்பு வேண்டாம் என்றால் தண்ணீர். ஒரு துண்டின் கனத்தை அளந்துவிட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். மற்றவை அப்படியே இருக்கும். மெல்லிய ஃபைபர் தாளோ தன் எடையில் பாதியை ஒட்டிய தண்ணீரைக் குடித்து, கனத்தில் ஊதி, வளைந்துபோயிருக்கும். வல்கனைசிங் என்றதும் தண்ணீர் புகாது என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தப் பொருளைப் பற்றிய மிகப் பெரிய தவறான எண்ணம். அடுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் அதே கொக்கிகள்தான் தண்ணீரையும் பிடிக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. வார்னிஷோ மெழுகோ பூசினால் தண்ணீர் இறங்கும் வேகம் குறையும், நிற்காது.

அதையே லாபமாக்கிக்கொண்டவர்கள் பிளம்பர்கள். வீட்டு மீட்டர் இணைப்பைக் கழற்றி மாட்டியபோது சிவப்பு ஃபைபர் வாஷர் புதிதாகப் போட்டேன். எவ்வளவு இறுக்கியும் சொட்டு நிற்கவில்லை. இன்னும் முறுக்க ஸ்பேனரை எடுத்தபோது பக்கத்து வீட்டு பிளம்பர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க தம்பி, மரை போயிரும். அது தண்ணி குடிக்கட்டும்."

அடியில் ஒரு சொம்பை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் சொம்பில் அரை விரல் தண்ணீர் இருந்தது, வாஷர் உப்பி இடைவெளியை அடைத்திருந்தது, இணைப்பு காய்ந்திருந்தது.